உன் ஈசாக்கு எது?

தூரத்தில் இருந்தாலும் என் ஜெபத்தில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு, பக்கத்து வீட்டு அக்கா எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நல்ல சுகம். உன் மகள் சிட்டு சுகம். இந்த வரியை எழுதும்போது அவள் என் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். பாதி பாத்திரத்துக்கும் பாதி வாய்க்கும் போகிறது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் கடைவாயில் வைத்து அரைக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படிக்கும்போது உனக்கு இது தேவைப்படும்.

உன்னோடு வேலை பார்க்கும் பெண் விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ வேலை பார்க்கும் வீட்டில் உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருகிறார்கள், அதிலும் தம்பி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், என்ன பேசுவது? (உன் வீட்டுக்காரரை நான் எப்போதும் தம்பி என்றுதானே கூப்பிடுகிறேன். இன்றைக்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது.)

வீட்டுக் கணக்கில் வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதிப் பழகியவள் நான். அதுபோல என் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் முதலில் எழுதுகிறேன். நானாக நினைத்தது பிறகு.

எங்கள் வீட்டு முன்னறையில் புதன்கிழமை தோறும் வேதபாடம் நடப்பது உனக்குத் தெரியும். நீ உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் இப்போது தையல்காரரின் மனைவி உட்காருகிறாள். தையல்காரர்தான் இன்னும் நடத்துகிறார். சில வாரங்களுக்கு முன் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன பகுதியைப் படித்தோம். படித்து முடித்ததும் தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி, “இது அவரோட கதைன்னு நினைக்காதீங்க. உன் ஈசாக்கு எது? ஒவ்வொருத்தரும் சொல்லணும், அதை ஆண்டவர்கிட்ட விட்டுடணும். விட்டதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு இங்கே வந்து சாட்சி சொல்லணும்” என்றார்.

அவரே முதலில் டிவியில் கிரிக்கெட் பார்ப்பதை விட்டார். அவர் மனைவி தோட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். மறுவாரமே அது காதில் ஏறிவிட்டது. “ஆண்டவர் திருப்பிக் கொடுத்துட்டார்” என்று சாட்சி சொன்னாள். “ஒரு வாரத்துலயா? நம்ம ரேஷன் கடையைவிட வேகமா இருக்காரே!” என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தோம். நான் மதியத் தூக்கத்தை விட்டேன். இந்த மாதிரி ஈசாக்குகள்தான் எங்களுடையவை.

மூன்றாம் வாரம் தம்பி முறை வந்தபோது, “எனக்கு இருக்கிறது ஒண்ணுதான். என் மக” என்றார்.

தங்கையே, அந்த அறை ஆமென் ஆமென் என்று அதிர்ந்தது. தையல்காரர் எழுந்து வந்து அவர் தலையில் கை வைத்து அழுதார். நானும் ஆமென் சொன்னேன். பிள்ளையை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுக்கிறார், எவ்வளவு நல்ல தகப்பன் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும், “என்னண்ணே, தோடெல்லாம் சாட்சி சொல்லிடுச்சு, உங்க சாட்சி எப்போ?” என்று யாராவது அவரைச் சீண்டுவது வழக்கமாகிவிட்டது. அவர் சிரிக்கமாட்டார். “வரும்” என்பார்.

நீ போன பிறகு ஒரு பழைய கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்கும்போது கயிறு நழுவி, அவர் உள்ளே இருக்க, பிரேக் பிடித்து உயிர் தப்பியதை உன்னிடம் சொன்னாரா? எங்களிடம் அதைச் சாட்சியாகச் சொன்னார். அப்போது விளக்கினார்: லிப்ட்டுக்கு அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் இருக்குமாம், வேகம் மீறினால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளுமாம். புது லிப்ட்டை ஒப்படைக்கும் முன் எடைக்கட்டிகளை ஏற்றி வேகமாக இறக்கிவிட்டு, தாடை கவ்வுகிறதா என்று பார்ப்பார்களாம். அப்போது உள்ளே ஆள் ஏறவே கூடாதாம்.

மகள் பேரைச் சொன்ன பிறகு அவர் பேச்சு அந்தப் பிரேக்கையே சுற்றி வந்தது. ஒரு புதன்கிழமை, “ஆபிரகாம் கத்தியை ஓங்கின பிறகுதான் பிரேக் பிடிச்சுது. ஓங்காம இருந்திருந்தா, பிடிக்கிறவர் இருக்காரான்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். அடுத்த வாரம், “அன்னைக்கு என்னைப் பிடிச்சது அவரா, இரும்பா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்கல. இரும்பு இருக்கிற வரைக்கும் யார் பிடிச்சதுன்னு எப்படிச் சொல்றது?” என்றார். தையல்காரர், “ஆழமான கேள்வி” என்று தலையாட்டினார்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். வேதத்தை விரல் வைத்து வாசித்துத்தான் எழுத்தே கூடியது. ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் தேடி, பிசாசு இயேசுவை ஆலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்ன இடத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் வாசித்தேன். ஆண்டவரைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அவரே சொன்னாரே தம்பி, என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அக்கா, அங்கே குதின்னு சொன்னது பிசாசு. இங்கே கொடுன்னு சொன்னது ஆண்டவர். சொன்னது யாருன்னு பாக்கணும்ல?” என்று மெதுவாகச் சொன்னார். உங்களிடம் சொன்னாரா என்று கேட்டேன். வாசலில் கிடந்த சிட்டுவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

போன வாரம் உங்கள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் எண்ணெய்த் துணியில் சுற்றி, இரும்புத் துண்டுகள் இரண்டு இருந்தன. எதையோ கவ்விப் பிடிக்கச் செய்தது போலப் பல் பல்லாக வெட்டியிருந்தது. என்ன தம்பி இது என்றேன். “புதுக் கட்டடத்து லிப்ட்டோடது, துடைக்கக் கொண்டாந்தேன்” என்றார். துடைக்க என்ன இருக்கிறது, கடையிலிருந்து வந்தது போலப் பளபளத்தது.

முந்தாநாள் சிட்டுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவளாகவே சொன்னாள்: “பெரியம்மா, சனிக்கிழமை அப்பா என்னைப் புது லிப்ட்ல மொத ஆளா ஏத்தப் போறாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பாட்டுப் பாடணுமாம். பாட்டு முடியறதுக்குள்ள கீழே வந்துடுமாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம், சாட்சி சொல்றப்போதான் சொல்லணுமாம். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்ன?” பயமாக இல்லையா என்றேன். “அப்பா இருக்காங்கல்ல?” என்றாள்.

பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான். நான் நினைப்பதை எழுத என் கை வரவில்லை. நீ தாய், உனக்கே கூட்டத் தெரியும்.

தையல்காரரிடம் ஓடினேன். “தங்கச்சி, அந்த மனுஷன் பிள்ளைக்குப் பென்சில் சீவக்கூட பிளேடு தரமாட்டான். சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவான். விசுவாசத்துல முன்னால போறவரைப் பார்த்தா பின்னால இருக்கிறவங்களுக்குப் பொறுக்காது” என்று எனக்கே ஊசி ஏற்றினார். என் வீட்டுக்காரரைக் கட்டட இன்ஜினியரிடம் அனுப்பினேன். எங்களிடம் இருப்பவர்களில் அவரைப் போல ஜாக்கிரதையானவர் கிடையாது, சோதனையை அவரே தனியாகப் பார்த்துக்கொள்வார், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் வேலை இல்லையாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்டுவை அழைத்துக்கொள்ள தம்பி வருவார். அவர் வேலைக்குப் போகும் நாட்களில் எப்போதும் போல, அதுவரை அவள் என்னோடுதான் இருப்பாள். கதவை மறிக்க நான் தயார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கவும் தயார். ஆனால் பெற்ற தகப்பன் வந்து பிள்ளையைக் கேட்கும்போது, நீ யார் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எனக்கு உன் வாய்ச்சொல் வேண்டும்.

அதனால், வியாழக்கிழமை இது உன் கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. கடிதம் கொண்டுவருகிறவளின் போனை வாங்கி, படித்த இடத்திலேயே நின்று என்னைக் கூப்பிடு. பிள்ளை அக்காவிடம்தான் இருக்க வேண்டும் என்று என்னிடமும் சொல், என் வீட்டுக்காரரிடமும் சொல், இன்ஜினியரின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அவரிடமும் சொல். முதலாளியம்மா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தம்பியை மட்டும் முதலில் கூப்பிடாதே. கூப்பிட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்துவிடுவார். பிள்ளை இங்கே பத்திரம் என்று நான் சொன்ன பிறகு அவரோடு பேசு. அப்போது திட்டாதே. அவரும் விழுந்துகொண்டிருக்கிற மனுஷன்தான். பிடிக்க ஆள் வேண்டும்.

நேற்று அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். ஆபிரகாம் விடிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், வேலைக்காரரைக் கூப்பிடுகிறார், விறகு பிளக்கிறார். எத்தனை தடவை வாசித்திருப்பேன், இத்தனை நாளும் எனக்கு இது படவில்லை: அதில் சாராள் பேரே இல்லை. பிள்ளை எங்கே போகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் இறந்துபோகிறாள். அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்திலும் ஒரு அண்டைவீட்டுக்காரி இருந்திருப்பாள், விறகு பிளக்கிற சத்தத்தைக் கேட்டிருப்பாள், நமக்கென்ன என்று திரும்பிப் படுத்திருப்பாள்.

நான் படுக்கவில்லை, தங்கையே. உனக்குச் சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் காதைத் திறக்கட்டும், உன் காலுக்கு வேகம் தரட்டும், உன் குரலை என் போனில் கேட்கும்வரை எனக்குத் தெம்பு தரட்டும். சிட்டு, அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டால், முத்தம் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். சீக்கிரம் கூப்பிடு.

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காத்திருக்கும்
உன் அக்கா.