தலையணைக்கு அடியில் இருந்த அந்தோணியார் படம்

என் லூர்தக்காவுக்கு, வாசலில் நின்று கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே "என்னடி" என்று கேட்கிற என் அக்காவுக்கு,

பிலோமி எழுதுகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. இறந்தவர்களோடு பேசக் கூடாது என்று உன்னிடம் முப்பது வருஷம் வாதாடியவள் இன்று உனக்கே கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. நீ சிரித்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஜெனி பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிவிட்டாள். உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பெயர் எழுதியாயிற்று. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அன்றைக்குப் பூ மார்க்கெட்டில் நல்ல சம்பங்கி கிடைக்குமா என்று ஜெனி இப்போதே கவலைப்படுகிறாள். அம்மாவுக்கு முதல் கல்லறைத் திருநாள், குறை வைக்கக் கூடாது என்கிறாள்.

எனக்குத்தான் ஒன்று சரியில்லை. காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் என் வலது கை தலையணைக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கிறது. விரல்களை விரித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மறு ஓரத்துக்கு. நீ கடைசி நாட்களில் தேடினாயே, அதே மாதிரி. நேற்று என் வீட்டுக்காரர், "என்னத்தத் தேடுற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது அக்கா.

நீ தேடியது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ தேடிக்கொண்டிருந்தபோதே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான் நாம். புராட்டஸ்டண்ட் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நான் சொரூபங்களை, அந்தச் சிலைகள் முன்னால் கும்பிடுவதை விட்டேன். முதலில் அந்த வீட்டாருக்காக விட்டது உண்மை. அப்புறம் வேதத்தை உட்கார்ந்து படித்து, மனசாரவே விட்டேன். நீ அதை நம்பவே இல்லை. மாமியாருக்குப் பயந்து மாறிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு, மெழுகு வாசனையோடு நேராக என் வீட்டுக்குத்தான் வருவாய். வம்புக்கு இழுக்கவே வருகிறாய் என்று நினைப்பேன். காபி ஆறும் வரைக்கும் நம் சண்டை நடக்கும்.

"ஆண்டவர்கிட்ட நேராக் கேக்க வேண்டியதுதான, நடுவுல எதுக்கு அந்தோணியார்?"

"பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு நீ சொல்லல? அப்பிடித்தான் இதுவும். நான் அவரச் சாமின்னா கும்பிடுறேன்? கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்றேன்."

"டீச்சரம்மா உசுரோட இருக்காங்கக்கா."

"அந்தோணியாரும்தான் இருக்காரு. நீதான் செத்துப் போயிட்டாருன்னு சொல்ற."

இதற்கு மேல் நான் வசனம் எடுத்துச் சொல்வேன். நீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அடுத்த செவ்வா வாரேன்" என்று கிளம்பிவிடுவாய். யார் ஜெயித்தது என்று இதுவரைக்கும் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரி அறையை நீ மறந்திருக்க மாட்டாய். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை தெரியும். பகலில் ஜெனிக்குப் பள்ளிக்கூடம் என்பதால் நான் உன்னோடு இருந்தேன். உன் தலையணைக்கு அடியில் அந்தப் படம் இருந்தது. உள்ளங்கை அளவு, முனை மழுங்கி, கோயில் எண்ணெய் பட்டு மங்கிப்போன அந்தோணியார். ஊசி போடும்போது நீ அதைப் பிடித்துக்கொள்வாய். டாக்டர் வெளியே போனதும் அதனிடம்தான் பேசுவாய்.

இனி ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்ன மறுநாள், உன்னை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் படுக்கையைத் தட்டிப்போட்டேன். படம் கையில் வந்தது. என் அக்கா கண்ணை மூடும்போது இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, இயேசுவை மட்டும் நம்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன். உன் ஆத்துமாவைக் காப்பாற்றுவதாகவே நினைத்து, படத்தை என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

நீ திரும்பி வந்து படுத்த உடனே கையைத் தலையணைக்கு அடியில் விட்டாய். "பிலோமி, படம் எங்கடி?"

"பாண்டியம்மா விரிப்பு மாத்துனாங்க. அதுலதான் போயிருக்கும்" என்றேன்.

பாண்டியம்மா, அந்த வார்டு ஆயா. உனக்குத் தலை வாரிவிட்டவர். அன்று விரிப்பை மாற்றவே இல்லை. இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஜெனி வந்து அந்த மனுஷியை எல்லோர் முன்னாலும் திட்டினாள். பாண்டியம்மா போய் அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு விரிப்பாக உதறிப் பார்த்தார். நான் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ அழவில்லை. உனக்கே உரிய கிண்டலோடு சொன்னாய். "எது தொலைஞ்சாலும் அந்தோணியார்கிட்டக் கேப்போம். அவரே தொலைஞ்சு போனா யார்கிட்டக் கேக்குறது?" பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாய். "நீ ஒரே ஒரு தடவ அவர்கிட்டக் கேளுடி. உனக்காக வேணாம், எனக்காக."

"நான் ஆண்டவர்கிட்டயே கேக்குறேன்க்கா" என்று கண்ணை மூடினேன். கைப்பை என் காலடியில் இருந்தது. என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஒரு வார்த்தைகூட வரவில்லை. சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு ஆமென் சொன்னேன். நீயும் ஆமென் சொன்னாய்.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்குப் போய்விட்டாய். உன் கையைத் தலையணைக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்து நெஞ்சின் மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகும் நான் ஒழுங்காக ஆராதனைக்குப் போனேன், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினேன். போன வாரம் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளைச் சேர்ந்து ஒப்பித்தார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற இடத்தில் என் காது அடைத்துவிட்டது. நாம் சின்ன வயதில் ஞான உபதேசத்தில் படித்த வரிசையில் அது எட்டாவது. நான் இப்போது சொல்லிக்கொடுக்கும் வரிசையில் ஒன்பதாவது. சொரூபம் செய்யாதே என்பதை நாங்கள் தனியாக எண்ணுகிறோம், நீங்கள் முதல் கட்டளையோடு சேர்த்துவிடுகிறீர்கள். அந்த ஒரு கட்டளைக்காக உன்னோடு எத்தனை செவ்வாய்க்கிழமை சண்டை போட்டேன். அதைக் காப்பாற்றுகிறேன் என்று போய், நம் இருவருக்கும் பொதுவான இன்னொன்றை உடைத்து வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே ஆஸ்பத்திரியில் பாண்டியம்மாவின் வீட்டை விசாரித்து, டவுன் பஸ் ஏறி அகரத்துக்குப் போனேன். பாண்டியம்மா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. செத்த நேரம் உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. "அந்தப் படத்த எடுத்தது நான்தான். உங்க மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்மா. வெளிய மாப்பு போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பையில வச்சத கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தம்மா உங்கள வெளிய போடின்னுருக்கும். சாகப்போற நேரத்துல அதுக்குக் கூடப்பொறந்தவதான வேணும். பழி விழுகுறது எங்களுக்குப் புதுசா என்ன. வார்டு மாத்துனாக, அம்புட்டுத்தான்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

"ஜெனிகிட்டயா? இன்னும் இல்ல."

"மக இல்லம்மா. போனவுககிட்ட. போயிச் சொல்லிருங்க. சொல்லாம விட்டா தேடிக்கிட்டேல்ல இருப்பாக."

நாங்கள் அப்படி நம்புவதில்லை, இறந்தவர்கள் ஆண்டவருக்குள் இளைப்பாறுகிறார்கள், அவர்களுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த மனுஷிக்கு வேதபாடம் நடத்த எனக்கு யோக்கியதை இல்லை. தலையை ஆட்டிவிட்டு, கல்லறைத் திருநாளுக்கு நீங்களும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது கைப்பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். இந்த நாலு மாதமும் படத்தை அதிலிருந்து வெளியே எடுக்கவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை.

நான் இன்றும் அந்தோணியாரிடம் கேட்கிறவள் இல்லை அக்கா. கேட்டேன் என்று உன்னைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்ல மாட்டேன், ஒரு பொய் போதும். ஆனால் நீ எதுவும் தெரியாமல் இளைப்பாறுகிறாய் என்று நான் நம்புவது உண்மையானால், தினமும் என் தலையணைக்கு அடியில் தேடுவது யாருடைய கை? எங்கள் போதகரிடம் கேட்டால் மனப்பிரமை என்பார். உங்கள் சாமியாரிடம் கேட்டால் உனக்காக ஒரு பூசை வைக்கச் சொல்வார். நான் இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. நீ கேட்ட உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்கு ரொம்பச் சுலபம். ஜெனியிடம் கேட்க வேண்டும். அவள் என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னாலும் சொல்வாள். பெற்றவளின் கடைசி ஆசையைப் பறித்தவள் நான், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

கல்லறைத் திருநாளன்று காலையில் வருவேன். பாண்டியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முன்னாலேயே படத்தை ஜெனி கையில் கொடுத்து, எடுத்தது யார், பொய் சொன்னது யார் என்று சொல்வேன். மெழுகுவர்த்தி ஏற்றுவேனா என்று தெரியாது, அதை மட்டும் கேட்காதே. மற்றதைக் கட்டாயம் செய்வேன்.

படம் பத்திரமாக இருக்கிறது அக்கா. கையை எடுத்துக்கொள். இனிமேல் தேடாதே.

உன் படத்தை எடுத்தவளும் உன் கூடப்பிறந்தவளுமான,
தங்கச்சி பிலோமி