தோசைக்கல்லுக்கு எதிர்ப்பக்கம்

சனிக்கிழமை, கோவளம்.

ஈப்போவில் தோசைக்கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு இங்கே வந்ததே இவருக்கு ஓய்வு வேண்டும் என்றுதான். முட்டி வீக்கம் இன்னும் வடியவில்லை. அதிக நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை ரிசார்ட்டில் பசியாறப் போனோம். தோசை போடும் நாகர்கோவில்காரர் கூட்டத்தில் தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தார். கல் காய்ந்துவிட்டது என்று சொல்லப்போன இவர், கரண்டியையே வாங்கிக்கொண்டார்.

"சாரே, நீங்க போய் இரிங்க. மேனேஜர் பாத்தா என்னைய ஏசுவாரு."

இவர் காதில் எங்கே விழுந்தது. எனக்குக் கோபமான கோபம். திட்டலாம் என்று எழுந்து போனேன். அதற்குள் இவர் முன்னால் வெள்ளைக்காரர்கள் தட்டோடு நின்றார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை நான் கண்டதில்லை. கடையில் நான் உட்காரும் கல்லாவிலிருந்து பார்த்தால் இவர் முதுகுதான் தெரியும்.

நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இவர் நிமிரவில்லை. "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நெய் தோசை. அதோட வந்து உட்காருங்க."

இரண்டு ஊற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டோம்.

இப்போது முட்டிக்குத் தைலம் தேய்க்கையில், "நாளைக்கு ஊத்தப்பம்" என்கிறார். திட்டத்தான் வேண்டும்.

ஏழு மணிக்கே போனால் வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம்.