படியில் விழவில்லை

ஜூலை 8

காலையிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலெல்லாம் சேறு. வலது காலில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்த இடம் குத்துகிறது. வீட்டுக்காரர் கஞ்சி வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாத்திரை, சுடுதண்ணீர், திரும்பவும் படுக்கை.

மத்தியானம் தம்பி குமார். கூடவே அவனுடைய முதலாளி, ரிசார்ட்காரர். கையில் ஆப்பிள் ஒரு பை. குமார் இவருடைய ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போதுதான் போடிமெட்டு ரோட்டில், பஸ்ஸுக்கு நின்ற என்மேல் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடக்க, அக்கா படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னதும் அவன்தான்.

முதலாளி உட்காரவில்லை. "போலீஸ் வந்து கேட்டா படின்னே சொல்லிருங்க. குடும்பத்துக்குள்ள எதுக்குக் கேசு?"

எந்தக் குடும்பம்? இந்த ஆள் எனக்கு மாமனா, மச்சானா?

குமார் தரையையே பார்த்தான். "லைசென்ஸு முடிஞ்சு போச்சுக்கா. புதுக்கல. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்."

"எனக்குக் காலே போயிருச்சேடா."

ஆப்பிளை நான் தொடவில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று.

ஜூலை 10

கொஞ்சம் வெயில். தோட்ட ஆபீசிலிருந்து ஆள். எப்போது வேலைக்கு வருவாய் என்று. கொழுந்துச் சாக்கோடு சரிவில் நிற்க இந்தக் காலால் இனி ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

பக்கத்துக் கதவு குமார் வீடு. அவன் பெண்டாட்டி ராணி, எனக்குக் கேட்கட்டும் என்றே யாரிடமோ: "காலைக் காட்டிக் காசு பறிக்கப் பாக்குறாக. கூடப்பொறந்தவுகளாம்!"

அந்த வாய்க்காகவே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 11

தேவிகுளம். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. வக்கீல் ஒரு மலையாளத்துப் பெண். தமிழ் நன்றாகவே பேசுகிறார்.

"சேச்சி, நஷ்டபரிகாரப் பணம் தம்பி கையிலேர்ந்து போகாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கம்பெனி குடுக்கும். ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லைன்னா, அப்புறம் அதை முதலாளிகிட்ட வாங்கிக்கும்."

அதற்குத்தான் ஆப்பிள்.

"தம்பிக்கு?"

"போலீஸ் கேஸ் வரும். அது இல்லாம இது இல்ல."

ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டுமாம். அதற்கு முன் போலீசில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் படி என்றுதான் இருக்கிறது. "பார்த்த ஆள் யாராவது இருக்காங்களா?"

பார்த்தது ஒருத்திதான். ஜீப்பில் குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 14

ஸ்டேஷன். குமாரையும் ராணியையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடந்ததை எஸ்.ஐ.யிடம் சொன்னேன். குமார் படிக் கதையை விடவில்லை. "சின்ன வயசிலேர்ந்தே அக்காவுக்கு என்மேல பொறாமை சார்."

என் முகத்துக்கு நேரே. சட்டென எழுந்து நிற்க முடிந்திருந்தால் கைத்தடியாலேயே அடித்திருப்பேன்.

"ஹாரன்கூட அடிக்காம வந்து ஏத்துனான் சார்" என்றேன்.

ராணி பாய்ந்தாள். "பொய் சொல்றாக! இவரு ஹாரன் அடிச்சாரு, நானும் கத்துனேன். இவுகதான் நவுராம நின்னாக!"

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தினார். "எவிட வெச்சு? படியிலோ?" ஹாரன் அடித்தது எங்கே, படியிலா என்று கேட்கிறார்.

ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். குமார் அவளைப் பார்த்த பார்வை!

கேஸ் பதிவாகிவிட்டது. சந்தோஷமா? தெரியவில்லை.

ஜூலை 17

மழை விடவில்லை. குமாரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. கேட்காமல் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு போனான் என்று முதலாளி ஸ்டேஷனில் சொல்லிவிட்டாராம்.

ராணி என் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். இந்த மழையில் மண் எங்கே பறக்கும். அவள் கையெல்லாம் சேறு.

ஜூலை 18

சாயங்காலம் குமார். வாசலிலேயே நின்றான், நனைந்துகொண்டு.

"அந்த வக்கீல் எங்க இருக்காங்க?"

அக்கா என்று கூப்பிடவில்லை.

"எதுக்கு?"

"மொதலாளி என்னைய மாட்டி விட்டுட்டான்."

"அவங்க என் வக்கீலு. வேற ஆளப் பாரு."

"யாரை?"

தெரியாது என்றேன். கதவைச் சாத்தினேன். அவன் போகிற சத்தம் கேட்கவில்லை.