எங்கள் தெருப் பல்

3-6-1974, திங்கள்
மூத்தவள் ராஜமேரி டவுன் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். காலையில் என் வண்டியிலேதான் போனாள். கண்டக்டர் மகள் என்ற மிதப்பில் முன் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்தவள் வாய் திறக்கவில்லை, சோறும் தொடவில்லை. அவள் அம்மா பாக்கியமேரி துருவிக் கேட்ட பிறகு வந்தது: "பல்லு விளக்காம வராதே" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

பல் விளக்காமலா? எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் முன்பல்லில் காவிக் கோடு உண்டு. பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றல்லவா இருந்தேன்!

4-6-1974
செங்கல் பொடியும் உப்பும் வைத்து நானே தேய்த்துவிட்டேன். ஈறில் ரத்தம் வந்தது. கோடு போகவில்லை. எட்டாவது வரை படித்த மூளை, இதற்கு மேல் ஓடவில்லை.

11-6-1974
பள்ளிக்கே போக மாட்டாளாம். "களை வெட்டப் போறம்ப்பா. குனிஞ்சே வேல செய்யலாம், பல்ல யாரும் பாக்க மாட்டாங்க" என்கிறாள். அதட்டலாம் என்று வாயெடுத்தேன். அழுகை வரும் போலிருந்தது — எனக்கு.

19-6-1974
ஒரு வாரமாகப் பஸ்ஸில் பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறேன். சும்மா காட்டுவார்களா? சிரிக்கவைக்க வேண்டும். விசிலை விழுங்கிவிட்டதாக முழிக்கிறேன், தும்முகிறேன். டிரைவர் தீர்த்தகிரி, "ஏம்ப்பா கஸ்பாரு, டிக்கெட் கிழிக்கிறயா, கூத்துக் கட்றயா?" என்கிறான். ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏனுங் கண்டக்டரே, எம்புள்ளய என்ன சந்தையிலயா நிறுத்தியிருக்கேன், பல்லப் புடிச்சுப் பாக்கறீங்க?"

இண்டூர்ப் பக்கம் எங்கள் ஸ்டாப்பில் ஏறுவதில் பாதிக்குமேல் காவிப் பல். ஏரிக்கரை ஸ்டாப் பிள்ளைகளுக்குத் தும்பைப் பூ. ஏன்? ஏரி மீன் தின்கிறார்கள், அதுதான்! கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கெண்டை வாங்கிப் போனேன்.

பாக்கியமேரி குழம்பு வைத்துக்கொண்டே, "தண்ணியா இருக்குமோ?" என்றாள். அடிபம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதிலென்ன? இருந்தாலும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். காலரா சமயத்தில் அப்படித்தானே தமுக்கடித்தார்கள்.

7-7-1974, ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில், டவுனிலிருந்து வந்திருந்த பல் டாக்டரம்மா பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு வாயாகத் திறக்கத் திறக்க, அத்தனையும் காவி.

"இந்தப் பக்கம் ஊர் ஊரா இப்படித்தாங்க. இது அழுக்கில்ல. அடிபம்புல வர்ற பூமி ஆழத்துத் தண்ணியில ஒரு உப்பு இருக்கு, அது பண்ற வேலை."

ராஜமேரி கேட்டாள்: "எம் பல்லு வெள்ளையாவுமா டாக்டர்?"

"இல்லம்மா. முளைச்சது முளைச்சதுதான்."

பிறகு பாக்கியமேரி இடுப்பிலிருந்த எங்கள் இளையவன் சவரியைப் பார்த்தார். ஒரு வயதுதான், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். "இவனுக்கு நிலைப்பல் உள்ளே இனிமேதான் உருவாகும். தண்ணிய மாத்துங்க."

"காய்ச்சித்தாங்க குடிக்கிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"காய்ச்சினா தண்ணி வத்தும், உப்பு வத்தாது. இன்னும் கெட்டியா ஆயிரும்."

பெரிய விஞ்ஞானி கஸ்பார்! அடுப்பெரித்துக் கெடுதலைக் கெட்டியாக்கியிருக்கிறான்.

8-7-1974
யாரும் சொல்லாமலே ராஜமேரி பையை எடுத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினாள். "அழுக்கில்லேன்னு டீச்சர்கிட்ட சொல்லணும்." சொன்னாளாம். டீச்சர், "சரி, உக்காரு" என்றாராம். அவ்வளவுதான். நாளைக்கும் போவாளா? கேட்கப் பயமாக இருக்கிறது.

15-7-1974
இன்று முதல் வீட்டுக்கு ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர், டின்னில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். ஆழமில்லாத கிணறு; அதைக் குடிக்கிற பிள்ளைகளுக்குத்தானே தும்பைப் பூப் பல். கிணற்றுக்காரி கண்ணம்மாள், "சீக்கிரம் சேந்துங்க. கெணறு எங்கயும் போவாது, உங்க வண்டிதான் போயிரும்" என்றாள். தீர்த்தகிரி ஹாரனை அடித்தபடியே இருந்தான். "கம்பெனிக்குத் தெரிஞ்சா நீயும் நானும் இந்த ஏரியிலயே மீன் புடிக்க வேண்டியதுதான்."

2-2-1975
டின்னைப் பார்த்து எதிர்வூட்டு ஆண்டி சிரிக்கிறான். "எம் புள்ளைங்க அடிபம்புத் தண்ணி குடிச்சு செத்தா போச்சு?" இல்லைதான். அவன் பிள்ளைகள் சிரித்தால் மட்டும் என் கண் அங்கேயே போகிறது.

20-5-1976
வண்டி மூன்று நாளாக ஒர்க் ஷாப்பில். டின் காலி. சவரி அடிபம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிடுங்கவா முடியும்? தாகமாயிற்றே. இந்த மூன்று நாள் போதுமோ, கெடுக்க?

18-11-1979, ஞாயிறு
சவரி அழுதுகொண்டே வந்தான். புது முன்பல் இரண்டும் முழுதாக வந்துவிட்டன, வெளேர் என்று. தெருப் பிள்ளைகள் "பொய்ப்பல்லு, பொய்ப்பல்லு" என்று துரத்துகிறார்களாம். "எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி?" என்கிறான். ஐந்து வருஷம் டின் தூக்கியதற்குப் பரிசு! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ராஜமேரி சிரிக்கவில்லை. இப்போது பதினாறு வயது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ஆண்டி வூட்டுக்குப் போனாள். சண்டைதான் என்று பின்னாலேயே ஓடினேன். ஆண்டி பெண்சாதி செல்லம்மாள் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"யக்கா, இவன் பல்லப் பாருங்க. இப்ப எம் பல்லப் பாருங்க." என் மகள், நட்ட நடுத் தெருவில், வாயை அகலத் திறந்து நின்றாள். "நல்லா வெளிச்சத்துல பாருங்க."

செல்லம்மாள் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

சாயங்காலம் ஆண்டி வந்தான். மழை பற்றிப் பேசினான், அவரைக்காய் விலை பற்றிப் பேசினான். போகும்போது ஒரு காலி டின்னை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாளைக்குத் தீர்த்தகிரியிடம் என்ன சொல்வது?