கடல் சாமி வருகிற வழி

என்னங்க,

போனில் பேசினால் மறுபடி ஏதாவது உளறிவிடுவேன். அதனால்தான் வாட்ஸப்பில் எழுதுகிறேன்.

யாழினி இப்போதுதான் தூங்கினாள். உங்கள் கதையை இன்றைக்கும் நான்தான் சொன்னேன். அரியலூர் முழுக்கக் கடலாக இருந்தபோது உலகத்தை ஆண்ட நாலு சாமிகள், சண்டை போட்டுக்கொண்டு திசைக்கு ஒன்றாகப் போன கதை. மூன்று சாமிகளைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டீர்கள். கடல் சாமியை மட்டும் பாதி வழியில் விட்டுவிட்டீர்கள்.

முந்திரிக் கொல்லையில் நீங்கள் எடுத்துக்கொடுத்த, கல்லாகிப்போன சங்கைக் காதில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். சாமி வருகிற சத்தம் கேட்குமாம்.

நானும் தினம் ஒரு புயல், ஒரு மலை என்று வழியை நீட்டிக்கொண்டே போனேன். இன்றைக்குப் பாதியிலேயே "ம்" கொட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"தூங்கிட்டியாடி?"

"இல்லம்மா. அந்தச் சாமி செத்துப்போச்சுன்னு சொல்லிடேன். நாம காத்துக்கிட்டு இருக்க வேணாம்ல."

பொங்கலுக்கு லீவு கேட்கவே இல்லை என்றீர்கள். "வராட்டி அங்கயே கெடங்க" என்று போனை வைத்தவள் நான்தான். அப்புறம் உங்கள் நம்பரை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்களும் கூப்பிடவில்லை.

சாமியைச் சாகடிக்க எனக்கு வாய் வரவில்லை. "வெள்ளிக்கிழமை அப்பா சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் கத்தாரில் லீவுதானே? கூப்பிடுங்கள். அவள் கோபத்தில் பேசாமல் படுத்திருந்தாலும் கதையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் "ம்" கொட்டுகிறேன்.

இப்படிக்கு,
யாழினியின் அம்மா