இரண்டு அட்டை மாத்திரை

வடக்கனந்தல்,
வியாழக்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம், குறை ஒன்றுமில்லை. அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் செந்தமிழ்ச்செல்வியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அப்பா தலைமாட்டில் இருக்கிறது, நீ பேசினால் ஸ்பீக்கரில் போட்டு அவரும்தான் கேட்கிறார். அவர் கேட்கக் கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும், அதனால் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்ல சேதி முதலில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கலையரசன் டாக்டரும் நம் தெருமுனை இசைவாணி டாக்டரம்மாவும் சேர்ந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற சனம் கிளினிக் பூட்டியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போகும், நீயே பார்த்திருக்கிறாய். இப்போது ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் பார்க்கிறார், ஞாயிறும் உண்டு, யாரிடம் போனாலும் ஒரே நோட்டில்தான் மருந்து எழுதுகிறார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் கோகிலவாணி என்று ஒரு நர்ஸ் வருகிறாள். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இங்கே வந்தேன்.

அவள் முதல்நாள் வந்தபோது வீட்டில் இருக்கிற சீட்டு, மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். கலையரசன் டாக்டர் கொடுத்தது அலமாரியில் இருந்தது. டாக்டரம்மா கொடுத்ததை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கலையரசன் டாக்டரிடம் போவது அந்தம்மாவுக்குத் தெரிந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அந்தம்மாவிடம் போவது தெரிந்தால் டாக்டர் மனசு சங்கடப்படும் என்று ஒளித்து வைத்தேன். அப்பா வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று இரண்டு டாக்டரும் கேட்டார்கள். இல்லைங்க என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேர் மருந்தும் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நம்பி, காலையில் டாக்டருடையது, சாயந்திரம் அந்தம்மாவுடையது என்று கொடுத்தேன். கோகிலவாணி இரண்டு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்கா, ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரதாங்க, பேருதான் வேற, எம்மாம் நாளா ரெண்டையும் குடுத்துக்கினு இருக்கீங்க என்று கேட்டாள். பதினான்கு மாதம்.

வாதம் வந்து எழுந்த பிறகும் அப்பாவுக்கு நிற்கும்போதெல்லாம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததே, அது இரட்டை மருந்தில் பிரஷர் ரொம்ப இறங்கிப் போனதால்தான். மறுபடியும் வாதம் வரப் போகிறது என்று பயந்து நான் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போட்டதில்லை. களமருதூரில் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. உன் பிள்ளை பிறந்ததற்கு நீ டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்லியும் நான் வரவில்லை, போட்டோவில்தான் பார்த்தேன். யாரோ என்னைக் கட்டிப் போட்டதாகச் சாமியைத் திட்டாத நாளில்லை. கட்டியது நான்தான். அவரைப் படுக்க வைத்ததும் நான்தான்.

டாக்டர்கள் கலந்து பேசி ஒன்றை நிறுத்தினார்கள். மூன்று வாரமாக மயக்கம் இல்லை, போன வாரம் கோலை ஊன்றி மாட்டுக்கொட்டகை வரைக்கும் தானே போனார். வருகிறவர்களிடமெல்லாம், இவ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன் என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கோகிலவாணி, நான் சொல்லலக்கா, நீங்களே சொல்லிக்கோங்க என்றுவிட்டாள். எப்படிச் சொல்வேன்? உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டினால் என்னவென்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்கிற மனுஷன். சொன்ன பிறகு ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டால்கூட நான் தாங்கமாட்டேன்.

செந்தமிழ்ச்செல்வியிடம் சொல்லிவை, எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கிற மாத்திரையெல்லாம் பையில் போட்டு எடுத்துப் போகட்டும், வெட்கப்பட வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதைப் பற்றி வாயைத் திறக்காதே. நான் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று உனக்குத் தோன்றினால், சிவப்பு மாடு கன்று போட்டதா என்று கேள். வேண்டாம் என்றால் மாட்டுப் பேச்சை எடுக்காதே, எனக்குப் புரிந்துவிடும். மணி ஆகிவிட்டது, நர்ஸ் கிளம்பிவிடுவாள். மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. கண்ணகி

மறக்காமல் மாட்டைப் பற்றிக் கேள்.