பொய் ஜன்னல்

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் இரண்டு பேர் எதிர்நடைபாதையில் நின்று எங்கள் வீட்டைப் படம் எடுத்தார்கள். மேல்மாடி முகப்பில் ஐந்து ஜன்னல்கள். நடுவில் இருப்பது பொய். செங்கல் மேல் கறுப்புச் சாயம், வெள்ளைச் சட்டங்கள். இருநூறு வருடங்களுக்கு முன்பு எந்தக் கனவானுக்கோ ஜன்னல் வரிசையில் ஒன்று குறையக் கூடாதாம். அதற்குப் பின்னால்தான் அக்கா லீயானும் அவள் குழந்தை ரோவனும் படுக்கிறார்கள். வெளிச்சமில்லை, காற்றில்லை, சுவரெல்லாம் பூஞ்சை. விடிய விடிய இருமுகிறான்.

நவம்பர் 7

வீட்டுக்காரர் ப்ரிட்சார்ட் வந்தார். அந்த இடத்தில் நிஜ ஜன்னல் வைக்கச் சொன்னேன்.

"பாரம்பரியக் கட்டடம்மா இது. ஆணி அடிக்கணும்னாலும் நகராட்சியக் கேக்கணும். நீங்க உள்ள துணி காயப்போடாம இருந்தாலே போதும், பூஞ்சை வராது."

பக்கச் சுவர் முழுக்கப் போன வருடம் சிமென்ட் பூசினாரே, அதற்கு யாரைக் கேட்டார்?

நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 8

ரோவனுக்கு மறுபடி இளைப்பு.

நவம்பர் 19

பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி, ஹன்னஃபோர்ட் அம்மா, வந்தார். பொய் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "அடடா, அப்படியே இருக்கே!" என்றார். அதைத் தொடவே கூடாதாம். பக்கச் சுவரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"பழைய சுவர் மூச்சு விடணும். சிமென்ட்டப் பூசி அடைச்சிட்டாரு. ஈரம் உள்ள எறங்காம என்ன செய்யும்?"

சிமென்ட்டைப் பெயர்த்தெடுக்க உத்தரவு போடுவாராம். சுவர் மூச்சு விடணும் — சரி. ரோவன்?

ஆனாலும் சந்தோஷம். மீனும் சிப்ஸும் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 2

ப்ரிட்சார்டுக்கு உத்தரவு போய்விட்டது. எங்களுக்கும் அவரிடமிருந்து ஒன்று: வேலை நடக்க வேண்டும், பிப்ரவரிக்குள் காலி செய்.

"வாயத் தெறந்தியே, ஜன்னலத் தெறந்தியாடி?" என்றாள் லீயான்.

சுவருக்காவது கேக்க ஒரு ஆள் இருக்கு. எங்களுக்கு யாரு இருக்கா? நகராட்சிக்குப் போன் போட்டா காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போடுறானுங்க.

பிப்ரவரி 16

நெடுஞ்சாலையோரம் ஒரே அறை. நகராட்சி தந்தது; தற்காலிகமாம். இதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஜன்னல் நாலு விரல் அளவுக்குத்தான் திறக்கும். லாரிச் சத்தம். லீயான் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 11

பஸ் பழைய தெரு வழியாக வந்தது. பக்கச் சுவரில் சிமென்ட் போய்ப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் 'வாடகைக்கு' பலகை. சாரத்தில் நின்று ஒருவர் பொய் ஜன்னலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

கொதிப்போடு அறைக்குள் வந்து சொல்லத் தொடங்கினேன். லீயான் உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதடி. தூங்குறான்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன். லாரிகள்தான். இருமல் சத்தம் இல்லை.